மிளகாய்ச் செடிக்கு எத்தனை லிட்டர் தொட்டி?

பிப்ரவரி 2 (கேள்வி)

கையில் பதினாறு மிளகாய் நாற்றுகள். குழித்தட்டில் ஆறு இலை விட்டு நிற்கின்றன. ஆறு குடைமிளகாய், ஆறு நீளப் பச்சை மிளகாய், இரண்டு காந்தாரி, இரண்டு ஹபனேரோ. மண்கலவை மொத்தம் 160 லிட்டர்தான், இதற்கு மேல் சேர்க்க வழியில்லை. 5 லிட்டர் தொட்டி போதும் என்று ஒருவர் சொல்கிறார். 20 லிட்டருக்குக் குறைந்தால் மிளகாயே வைக்காதே என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது? 160 லிட்டரை எப்படிப் பிரிப்பது?

பிப்ரவரி 2, இரவு (பதில்)

முதலில் கணக்கு, காரணம் அப்புறம். குடைமிளகாய்க்கு 12 லிட்டர் வீதம் 72. நீள மிளகாய்க்கு 10 வீதம் 60. ஹபனேரோவுக்கு 9 வீதம் 18. காந்தாரிக்கு 5 வீதம் 10. கூட்டினால் சரியாக 160. காந்தாரிக் காய் சுண்டுவிரல் நுனி அளவுதான், அதற்கு 5 லிட்டர் தாராளம்.

உங்களிடம் பேசிய இரண்டு பேருமே அவரவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லியிருப்பார்கள். 5 லிட்டரில் மிளகாய் காய்க்கும். 3 லிட்டர் தொட்டியிலிருந்து நானே பறித்திருக்கிறேன். 20 லிட்டரில் அதே விதை இடுப்புயரம் வரும். இரண்டும் நடக்கிற காரியம்தான்.

பிப்ரவரி 3

காந்தாரி பற்றி நேற்று எழுதியது தவறு. நாற்று நடுவதற்குள் திருத்திவிடுகிறேன்.

காயின் அளவை வைத்துத் தொட்டியை முடிவு செய்யக் கூடாது. செடி எவ்வளவு பெரிதாகும், எத்தனை நாள் அந்தத் தொட்டியில் வாழப்போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். காந்தாரி காப்சிகம் ஃப்ரூட்டெசென்ஸ் இனம். உறைபனி இல்லாத இடத்தில் பல வருடம் நிற்கிற புதர் அது. காய்தான் குட்டி, செடி குட்டியில்லை. 5 லிட்டரில் வைத்தால் முதல் வருடமே வேர் நெருக்கிக்கொள்ளும். ஹபனேரோ காப்சிகம் சைனென்ஸ். மெதுவாக வளர்ந்து மெதுவாகப் பழுக்கும். நட்டதிலிருந்து முதல் பழத்துக்கு மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும், அதுவரை வேருக்கு இடம் தீர்ந்துபோகக் கூடாது.

குடைமிளகாயும் நீள மிளகாயும் காப்சிகம் ஆனுவம். ஒரே இனம், ஆனால் ஒரே சுபாவம் கிடையாது. குடைமிளகாய்ச் செடி உயரத்தில் பெரிதில்லை. ஆனால் காய் பெரிது, சுவர் தடிப்பு, உள்ளே முழுக்கத் தண்ணீர். ஒருநாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் காயின் நுனி கறுத்து அழுகும். கால்சியம் காயின் நுனிவரை போய்ச் சேராததால் வருவது அது, பெரும்பாலும் தண்ணீர் ஏற்ற இறக்கம்தான் காரணம். அதனால் அதன் 12 லிட்டரில் கைவைக்க வேண்டாம். விட்டுக்கொடுக்கக் கூடியது நீள மிளகாய்தான், அது நெருக்கத்தைத் தாங்கும்.

புதுக் கணக்கு: குடைமிளகாய் 12 வீதம் 72, நீள மிளகாய் 7 வீதம் 42, காந்தாரி 12 வீதம் 24, ஹபனேரோ 11 வீதம் 22. இதுவும் 160.

பிப்ரவரி 3, மாலை

ரொக்கோட்டோவுக்கு எவ்வளவு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இலையில் மென்மயிர், ஊதாப் பூ, கறுப்பு விதை உள்ள மிளகாய் இனம், காப்சிகம் ப்யூபெசென்ஸ். பெரிய செடி, முடிந்தால் 30 லிட்டர் கொடுங்கள். கடும் வெப்பம் அதற்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிப்ரவரி 5

தொட்டியின் மேல் எழுதியிருக்கும் லிட்டரை நம்பி என் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். 15 லிட்டர் என்று எழுதிய தொட்டி என்னிடம் இருக்கிறது. அளந்து பார்த்தேன். வாய் விட்டம் 30 செ.மீ., அடி விட்டம் 22, உயரம் 28. விளிம்புவரை நிரப்பினால் 15 லிட்டர் வருகிறது. ஆனால் யாரும் விளிம்புவரை கலவை போடுவதில்லை, தண்ணீர் தேங்க மேலே மூன்று செ.மீ.யாவது விடுகிறோம். அந்த மூன்று செ.மீ. தொட்டியின் அகலமான பகுதி. அதை விட்டதும் 13 லிட்டர் ஆகிவிடுகிறது.

கணக்கு வேண்டுமென்றால்: வாய் விட்டத்தின் வர்க்கம், அடி விட்டத்தின் வர்க்கம், இரண்டு விட்டங்களையும் பெருக்கியது, மூன்றையும் கூட்டுங்கள். உயரத்தால் பெருக்கி, 0.26-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் லிட்டர். கணக்கு வேண்டாமென்றால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றி எண்ணுங்கள். நான் இரண்டையும் செய்தேன், அரை லிட்டர் வித்தியாசத்துக்குள் ஒத்துப்போனது.

இன்னொன்று. உதிரியாக இருக்கும் கலவை மூன்று முறை தண்ணீர் ஊற்றியதும் இறங்கும். தென்னை நார்க்கழிவும் மக்கிய உரமும் கலந்த என் கலவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இறங்குகிறது. உங்கள் 160 லிட்டர், தொட்டியில் உட்கார்ந்த பிறகு 145 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் விகிதம் மாறாது, எல்லாத் தொட்டியிலும் கொஞ்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 6

குரோ பேக் (செடி வளர்க்கும் பை) வாங்கப்போவதாகச் சொன்னீர்கள். நல்லவேளை முன்னாலேயே சொன்னீர்கள்.

30-க்கு 30 செ.மீ. என்று எழுதியிருந்தால், அது பையைத் தட்டையாக வைத்து அளந்ததா, விரித்து அளந்ததா என்று கேளுங்கள். தட்டையாக 30 செ.மீ. அகலம் என்றால் சுற்றளவு 60. அதை வட்டமாக விரித்தால் விட்டம் 19 செ.மீ.தான். 25 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினால் 7 லிட்டர் சொச்சம். விட்டமே 30 செ.மீ. உள்ள பை அதே உயரத்துக்கு 17 லிட்டருக்கு மேல் பிடிக்கும். எழுத்து ஒன்றுதான், உள்ளே போகிற மண்ணோ இரண்டரை மடங்கு வித்தியாசம்.

என் முதல் வருடக் குடைமிளகாய் முழுவதும் இந்தத் தட்டை அளவுப் பையில்தான் போனது. விட்டம் 30 என்றே நினைத்துக்கொண்டு, உரத்தை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், பூ உதிர்வதற்கு வேறு வேறு காரணம் தேடினேன். பை காலியான பிறகுதான் ஒருநாள் நாடாவை எடுத்து அளந்தேன்.

பிப்ரவரி 9

"நேராகப் பெரிய தொட்டியில் நட்டால் என்ன? இரண்டு முறை மாற்றி நடுவது வீண் வேலைதானே?"

வெயில் நன்றாக விழுந்து, மழை இல்லாமல், தண்ணீர் உங்கள் கையில் இருந்தால் நேராக நடலாம், ஒன்றும் ஆகாது. ஆபத்து குளிர்ந்த, மூட்டமான, ஈரமான நாட்களில். ஆறு இலைச் செடி ஒரு நாளில் குடிப்பது சில மேசைக்கரண்டித் தண்ணீர். 20 லிட்டர் கலவையை நனைத்துவிட்டால் அதைக் குடித்துத் தீர்க்க வேர் இல்லை. ஈரம் அப்படியே நிற்கும், காற்று உள்ளே போகாது, வேர் அழுகும். மண்ணைச் சுற்றிச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் பறக்க ஆரம்பித்தால் மேல்மண் காயவே இல்லை என்று பொருள்.

ஒரு வருடம் மூன்று நாற்றுகளை நேராக 25 லிட்டர் பையில் வைத்தேன். மறுநாள் மழை பிடித்தது, ஒன்பது நாள் விடவில்லை. இரண்டு செடிகள் மண் மட்டத்தில் தண்டு பழுத்துச் சாய்ந்தன. மூன்றாவது உயிரோடு இருந்தது, ஆனால் ஐந்து வாரம் ஒரு இலைகூடப் புதிதாக விடவில்லை. அதே விதையில் வந்த தங்கைச் செடி அரை லிட்டர்த் தொட்டியில், தாழ்வாரத்தில், அந்த ஐந்து வாரத்தில் முழங்கை உயரம் வந்துவிட்டது.

அதனால் நான் போகிற வழி: குழித்தட்டு, பிறகு அரை லிட்டர், பிறகு நேராகக் கடைசித் தொட்டி. நடுவில் 2 லிட்டர், 5 லிட்டர் என்று படிப்படியாக ஏற்றுவதைச் சில வருடம் செய்தேன், இப்போது விட்டுவிட்டேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் செடி சில நாள் நின்றுவிடுகிறது.

பிப்ரவரி 10

அடியில் ஜல்லி போடலாமா என்று கேட்டதற்கு: வேண்டாம். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆழம் பற்றிய கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, தட்டையாகக் கையில் பிடியுங்கள். சொட்டி முடித்து நின்றுவிடும். இப்போது அதையே நீள வாக்கில் நிமிர்த்துங்கள். மறுபடியும் தண்ணீர் ஒழுகும். ஸ்பாஞ்ச் அதேதான், உயரம்தான் கூடியது. தொட்டிக்குள்ளும் இதே கதை. தண்ணீர் வடிந்து நின்ற பிறகும் அடியில் ஒரு பட்டை கலவை காற்றே இல்லாமல் முழு ஈரமாக நிற்கும். அந்தப் பட்டை எவ்வளவு தடிமன் என்பதைக் கலவையின் துகள் பருமன் தீர்மானிக்கிறது. தொட்டி உயரமோ குட்டையோ, ஒரே கலவை என்றால் பட்டை ஒரே தடிமன்தான். ஆகவே ஆழமில்லாத அகலத் தொட்டியில் மொத்தக் கலவையில் பெரும்பங்கு சேறாக நிற்கும், ஆழமான தொட்டியில் சிறுபங்கு. ஜல்லி போட்டால் அந்த ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு இருந்த உயரமும் குறையும்.

மிளகாய்க்கு 25 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும். அதே 12 லிட்டர் 15 செ.மீ. ஆழமுள்ள தட்டுத் தொட்டியில் இருந்தால் நான் அதை 12 லிட்டராக எண்ணமாட்டேன்.

பிப்ரவரி 10, சற்று நேரம் கழித்து

ஓட்டையை அடைக்காமல் கலவையை மட்டும் நிறுத்த ஒரு துண்டு வலை போதும்.

பிப்ரவரி 20

16 செடியைக் குறைத்து 8 செடி வைத்து ஆளுக்கு 20 லிட்டர் கொடுத்தால் என்ன என்று கேட்டீர்கள். அருமையான கேள்வி, இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஹென்ட்ரிக் பூர்ட்டர் என்ற தாவரவியலாளரும் சகாக்களும் 2012-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். தொட்டி அளவை மாற்றிச் செய்த 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தொட்டியின் கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் செடியின் உலர் எடை சராசரியாக 43 சதவீதம் கூடியது. இதை நம் கணக்கில் போடுங்கள். 10 லிட்டர்ச் செடி 100 பங்கு வளர்ந்தால் 20 லிட்டர்ச் செடி 143 பங்கு. ஆனால் இரண்டு 10 லிட்டர்ச் செடிகள் சேர்ந்தால் 200. அதாவது மண் அளவு நிலையாக இருந்தால், அதைப் பல செடிகளுக்குப் பிரிப்பதில்தான் மொத்த வளர்ச்சி அதிகம். 5 லிட்டரிலிருந்து 20-க்குப் போனால், மண் நான்கு மடங்கு, செடி இரண்டு மடங்கு.

ஆக, 16 செடியையும் வையுங்கள். குறைக்க வேண்டாம்.

பிப்ரவரி 21

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். கணக்கில் தவறில்லை, ஆனால் முடிவை அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தச் சராசரி பல வகைச் செடிகளுக்கானது, மிளகாய்க்கு மட்டுமானதில்லை. எடை என்பது காயும் இல்லை. எல்லாவற்றையும் விட முக்கியம், ஆய்வுக்கூடச் செடிக்கு யாராவது தவறாமல் தண்ணீர் ஊற்றுவார்கள். வீட்டுச் செடிக்கு ஒருநாள் தவறும். அந்த ஒருநாளில் 7 லிட்டர்த் தொட்டிக்கு என்ன ஆகும், 20 லிட்டர்த் தொட்டிக்கு என்ன ஆகும் என்பதுதான் என் மனதை அரிக்கிறது. வெயில் ஏறட்டும், எடை போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

மார்ச் 14

எப்போது கடைசித் தொட்டிக்கு மாற்றுவது என்பதற்கு நாள் கணக்கு வேண்டாம். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டுத் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டுங்கள். மண் உதிர்ந்து கொட்டினால் இன்னும் நேரமிருக்கிறது. மண் தொட்டி வடிவத்திலேயே முழுதாக வந்து, வெளிப்பக்கம் வெள்ளை நூல் பின்னியது போல வேர் தெரிந்தால் இன்றே மாற்றுங்கள். வேர் பழுப்பாகி அடியில் வளையம் சுற்றியிருந்தால் தாமதம். அந்த வளையத்தை விரலால் பிரித்துவிட்டு நடுங்கள், கொஞ்சம் வேர் அறுந்தாலும் பரவாயில்லை.

தக்காளியைப் போலக் கழுத்துவரை புதைக்கலாமா என்று கேட்டவருக்கு: மிளகாய்த் தண்டு தக்காளித் தண்டு போல ஏராளமாக வேர் விடாது. இருந்த மட்டத்தில் வைத்தால் போதும், ஒல்லியாக நீண்டிருந்தால் ஓரிரு செ.மீ. இறக்கலாம்.

ஏப்ரல் 8

வெயில் ஏறிவிட்டது. இன்று ஒரு செடியை இழந்தேன், பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, 12 லிட்டர், மேற்குப் பார்த்த சுவரோரம். மூன்று நாளாக மதியம் வாடி, இரவும் நிமிரவில்லை. மண் ஈரமாகத்தான் இருந்தது. இன்று பிடுங்கி, மண்கட்டியை நிமிர்த்தி வைத்துச் சுற்றிப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் வேர் வெள்ளையாக, உயிரோடு. வெயில்பக்கம் மேலிருந்து அடிவரை ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வேர் எல்லாம் பழுப்பு. தொட்டால் தோல் உரிந்து, உள்ளே நரம்பு மட்டும் விரலில் வருகிறது. வெந்துபோயிருக்கிறது. நேர்வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டியின் சுவரோர மண் 45 டிகிரி தாண்டுவது சாதாரணம்.

அந்த 2012 தொகுப்பாய்வுக் குழுவே பார்லி, சுகர் பீட் (சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வகை) செடிகளைத் தொட்டியோடு காந்த அதிர்வுப் படம் (எம்.ஆர்.ஐ.) எடுத்துப் பார்த்தது. வேரில் முக்கால்வாசிக்கு மேல் தொட்டியின் வெளிப்பாதிக் கொள்ளளவில் இருந்தது. இன்றைக்கு என் கையில் இருந்த மண்கட்டியும் அதையேதான் காட்டியது, நடுவில் உதிரி மண், ஓரத்தில் வேர்க்கூடு. செடி தன் வேரையெல்லாம் கொண்டுபோய் வைத்திருக்கும் இடம்தான் முதலில் சூடாகிறது. சின்னத் தொட்டியில் ஓரத்துக்கும் நடுவுக்கும் தூரமே இல்லை, அதனால் தப்பிக்க இடமும் இல்லை.

செய்ய வேண்டியது: தொட்டிகளை ஒட்டி ஒட்டி வையுங்கள், ஒன்றன் நிழல் மற்றதன் மேல் விழட்டும். வெயில்பக்கம் ஒரு பலகையோ பழைய சாக்கோ சாய்த்து வையுங்கள். வெளிர் நிறத் தொட்டி கிடைத்தால் அதை எடுங்கள். இலைக்கு வெயில் வேண்டும், தொட்டிக்கு வேண்டாம்.

ஏப்ரல் 9

மண்தொட்டி குளிர்ச்சி என்று ஒருவர் சேர்த்திருக்கிறார். உண்மைதான். சுவர் வழியே நீர் ஆவியாகிறது, அதனால் குளிர்கிறது. அதே காரணத்தால் சீக்கிரம் காய்கிறது. துணிப் பையும் அப்படித்தான். துணிப் பையில் வேர் ஓரத்துக்கு வந்ததும் காற்றுப் பட்டு நுனி காய்ந்து, பின்னாலிருந்து கிளை விடும். சுற்றிச் சுற்றி வளையம் போடாது. வேர் அழகாக இருக்கும், ஆனால் தண்ணீர்க் குவளையோடு நீங்கள் பின்னாலேயே நிற்க வேண்டும். மண்தொட்டியோ துணிப் பையோ என்றால் நான் சொன்ன லிட்டரில் கால்வாசி கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 13

எடை போட்டேன். தூக்குத் தராசில் கயிற்றைக் கட்டி, நான்கு நாள், காலையும் மாலையும்.

முதல் தொட்டி பிப்ரவரியில் அளந்த அதே 13 லிட்டர். உள்ளே நீள மிளகாய், காய் பிடித்த செடி. நன்றாக நனைத்து வடிந்ததும் 10.9 கிலோ. தண்ணீர் நிறுத்தி, இலை தொங்கும்போது 7.5 கிலோ. ஆக, செடி எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீர் 3.4 லிட்டர். கடும் வெயில் நாளில் 1.7 கிலோ குறைந்தது. இரண்டு நாள் தாங்குகிறது.

இரண்டாவது 6 லிட்டர்த் தொட்டி, அதே விதை, கொஞ்சம் சின்னச் செடி. நனைந்தபோது 5 கிலோ, வாடும்போது 3.5. கையிருப்பு 1.5 லிட்டர். ஒரு நாள் செலவு 1.1. ஒன்றரை நாள்கூட இல்லை. காலையில் ஊற்ற மறந்தால் அன்று மதியமே தொங்கிவிடும்.

இதைப் பாருங்கள். தொட்டி பாதியாகச் சுருங்கியது, ஆனால் செடியின் தாகம் பாதியாகச் சுருங்கவில்லை. மண்ணை விடச் செடி மெதுவாகத்தான் சிறியதாகிறது. இதுவும் அந்த 43 சதவீதமும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள். பிப்ரவரி 20-இல் சின்னத் தொட்டிக்கு லாபமாகத் தெரிந்த அதே கணக்கு, ஏப்ரலில் அதற்கு எதிராகத் திரும்புகிறது.

ஆகவே நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது வேறு கேள்வியால் பதில் சொல்கிறேன். உங்கள் வீட்டில் மிக வெயிலான வாரத்தில், தண்ணீருக்கும் தண்ணீருக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் போகும்? காலை மாலை இரண்டு வேளையும் ஆள் உண்டு என்றால் நீள மிளகாய்க்கு 7 லிட்டர் தாராளம், செடி எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம். ஒரு வேளைதான் என்றால் 10-க்குக் கீழே இறங்காதீர்கள். வார இறுதியில் வெளியே போகிற வீடு என்றால் 20 லிட்டர்காரர் சொன்னதுதான் சரி. ஒருவேளை அவருக்கு வெளியூர்ப் பயணம் அதிகமோ என்னவோ, 5 லிட்டர்காரர் வீட்டில் நாள் முழுக்க யாராவது இருப்பார்கள்.

ஏப்ரல் 14

ஒரு எச்சரிக்கை, நேற்றே சொல்லியிருக்க வேண்டும். மதியம் இலை தொங்கினால் உடனே ஊற்றாதீர்கள். உச்சி வெயிலில் ஈரமான தொட்டியிலும் மிளகாய் இலை தொங்கும், மாலையில் தானாக நிமிரும். தொட்டியை ஒரு பக்கம் சாய்த்து எடையைக் கையில் உணர்ந்து பாருங்கள். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும், தராசு வேண்டியதில்லை. கனமாக இருந்து இலை தொங்கினால் நிழல் கொடுங்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள்.

ஏப்ரல் 14, இரவு

மேல்மண்ணில் இரண்டு விரல் தடிமனுக்குக் காய்ந்த இலைச் சருகு. அந்த 6 லிட்டர்த் தொட்டி இப்போது மாலைவரை வருகிறது.

மே 2

உங்கள் குறிப்பைப் படித்தேன். ஒரு வேளைத் தண்ணீர்தான் முடியும் என்பதால் நீள மிளகாயில் இரண்டு நாற்றுகளை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, மீதி நான்குக்கும் 10 லிட்டருக்கு மேல் கொடுத்தது மிகச் சரியான முடிவு. நான் கொடுத்த கணக்கை விட இது நல்ல கணக்கு.

பூ உதிர்கிறது என்கிறீர்கள். தொட்டி மேல் பழி போடும் முன், இரவு வெப்பத்தைப் பாருங்கள். பகல் 35 தாண்டி, இரவும் 25-க்குக் கீழே இறங்காவிட்டால் குடைமிளகாய் பூவைப் பிடித்துவைக்காது. தொட்டி 50 லிட்டராக இருந்தாலும் அப்படித்தான். காந்தாரி இதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது, அதில் பூ நிற்கிறதா பாருங்கள். அதில் நின்று குடைமிளகாயில் மட்டும் உதிர்ந்தால் காரணம் வெப்பம். எல்லாச் செடியிலும் உதிர்ந்தால் தண்ணீர் இடைவெளியைச் சோதியுங்கள்.

மே 3

ஒரே 20 லிட்டரில் இரண்டு மிளகாய் வைக்கலாமா? வைக்கலாம், வைத்திருக்கிறேன். தனித்தனி 10 லிட்டரை விட இதில் ஒரு சௌகரியம், தண்ணீர் கையிருப்பு ஒரே இடத்தில் இருக்கிறது, ஓரம் சூடானாலும் நடு குளிர்ச்சி. ஆனால் ஒரே வகை இரண்டாக இருக்கட்டும். நான் ஒரு வருடம் காந்தாரியையும் குடைமிளகாயையும் சேர்த்து வைத்தேன். ஜூனில் குடைமிளகாய் காந்தாரியின் நிழலுக்குள் போய்விட்டது, இரண்டே காய்.

மே 19

தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு பற்றி: உரத்திலும் தண்ணீரிலும் இருக்கும் உப்பு. சின்னத் தொட்டியில் சீக்கிரம் சேரும். மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள்.

ஜூலை 27

நீள மிளகாய் முடிந்தது. பிடுங்கிய ஒவ்வொரு மண்கட்டியையும் ரம்பக் கத்தியால் நெடுக்காக அறுத்துப் பார்த்தேன். 6 லிட்டரில் கத்தி இறங்கவே கஷ்டம், முழுக்க வேர், மண் எங்கே என்று தேட வேண்டும். 13 லிட்டரில் ஓரத்தில் இரண்டு விரல் தடிமன் வேர்ப்பாய், அடியில் ஒரு வளையம், நடுவில் கைப்பிடி கைப்பிடியாக உதிர்கிற நல்ல மண். 25 லிட்டரில் அடிப்பாதியில் வேர் பரவியிருந்தது, ஆனால் அடர்த்தியில்லை. நீள மிளகாய்க்கு ஒரு பருவத்தில் 25 லிட்டரை நிரப்ப முடியவில்லை என்று எனக்குப் படுகிறது. ஒரே வருடச் செடி என்றால் 15-க்கு மேல் கொடுக்கும் மண்ணை வேறு செடிக்குக் கொடுக்கலாம்.

பறித்த எடையையும் குறித்து வைத்திருந்தேன். ஒரு செடிக்கு 6 லிட்டரில் 640 கிராம், 13 லிட்டரில் 1,150, 25 லிட்டரில் 1,420. ஒவ்வொன்றும் ஒரே ஒரு செடி, அதனால் இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 6 லிட்டர்ச் செடி மே மாதத்தில் இரண்டு முறை வாடியது, அந்த இரண்டு முறையும் பூ மொத்தமாகக் கொட்டியது, பிறகு மறுபடி பூக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. எடையில் குறைந்தது பெரும்பாலும் அந்த வாரங்கள்தான்.

ஜூலை 28

காந்தாரியையும் ஹபனேரோவையும் பிடுங்கிவிடாதீர்கள்! அவை அடுத்த வருடமும் வரும். காய் ஓய்ந்ததும் முதல் கவட்டைக்கு ஒரு சாண் மேலே கிளைகளை வெட்டுங்கள். மண்கட்டியை வெளியே எடுத்து, ஓரத்திலும் அடியிலும் இரண்டு விரல் தடிமனுக்கு வேரைச் சீவி எடுத்துவிட்டு, அதே தொட்டியில் புதுக் கலவை சுற்றிப் போட்டுத் திரும்ப வையுங்கள். பெரிய தொட்டி தேட வேண்டியதில்லை. என் காந்தாரி இப்படி நான்காவது வருடமாக அதே 13 லிட்டரில் நிற்கிறது.

சீவிய வாரம் மட்டும் நிழலில் வைத்துத் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், அப்போது குடிக்க இலையும் இல்லை, வேரும் குறைவு.

ஜூலை 28, இரவு

ஆமாம், உங்கள் காந்தாரி நிற்கும் 12 லிட்டர்த் தொட்டிக்கும் இது பொருந்தும்.